பாவாயியின் இடது தோள்

இந்தச் செலை கரடிதானுங்க அம்மிணி. சந்தேகமே வேண்டாம். கீழ கல்லுல எழுதியிருக்குது பாருங்க, "பாவாயி, கரடி"ன்னு. எழுதலைன்னா யாருக்கும் தெரியாதுன்னுதான் எழுதியிருக்காங்க. நான் இதைச் சொன்னா செலை வச்சவங்க கோவிச்சுக்குவாங்க.

அக்கட்டால வெயிலு. இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க. சோத்துப் போசியை மடியில வச்சுக்குங்க, காக்கா தொந்தரவு இங்க சாஸ்தி. எதுக்கால இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தானுங்களே வந்தீங்க? நாலு மணிக்கு முன்னால உள்ள விடமாட்டாங்க. கேட்டுக்கிட்ட நின்னு செக்யூரிட்டிகூட மல்லுக்கட்டறதுக்கு இங்க உக்காந்துக்கலாம். எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. வந்து உக்காந்து, இதை ஏற எறங்கப் பாத்துப்போட்டு, "ஏனுங்க பெரியவரே, இது கொரங்குங்களா"ங்கறாங்க. போன வாரம் ஒருத்தர், நல்லாப் படிச்சவராட்டத்தான் இருந்தாரு, "எந்த ஊரு சித்தருங்க இவரு"ன்னு கும்புட்டுட்டுப் போனாரு.

என் பேரு நாச்சிமுத்து. இந்தப் பூங்காவுக்குள்ள முன்ன ஒரு மிருகக்காட்சி சாலை இருந்துதுங்க, சின்னதா. மான், முள்ளம்பன்றி, மயிலு, ரெண்டு முதலை, ஒரு கரடி. அவ்வளவுதான். நான் அதுல கீப்பர். முப்பத்தோரு வருசம். அதுல இருவத்திரண்டு வருசம் இந்தப் பாவாயிக்குச் சோறு வச்சது நான். அதனாலதான் சொல்றேன். இந்த ஊருல எவனுக்கு வேணும்னாலும் இந்தச் செலை செரியாத் தெரியட்டும். எனக்குத் தெரியோணுமில்லீங்களா? ஒரு வருசம் நடந்தேனுங்க. நாலு மனு. இப்பத்தான் தோளை மட்டும் மாத்திக் குடுத்திருக்காங்க. எடது தோளைப் பாருங்க, அங்க மட்டும் சிமிட்டி வெளுப்பாத் தெரியுதில்ல? அது என் மனுவுல வந்ததுங்க.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். நடுவுல இருந்து சொன்னா எனக்கே கொழம்பிப் போகும்.

பாவாயி வித்தைக் கரடிங்க. ஊரு ஊரா ஓட்டிட்டுப் போயி ஆடவைப்பானே, அப்படி ஒருத்தன்கிட்ட இருந்து வனத்துறைக்காரங்க புடிச்சுட்டு வந்து இங்க உட்டாங்க. வந்தப்ப அஞ்சாறு வயசு இருக்கும். மூக்குல கவுறு கோத்த ஓட்டை. வாயில நாலு பல்லைப் புடுங்கியிருந்தான் பாவி. எதைப் பாத்தாலும் அதாட்டச் செய்யும். நான் கொட்டாவி உட்டா அது உடும். நான் தலையைச் சொறிஞ்சா அது சொறியும். அடிச்சுப் பழக்கினதுங்க. இங்க அடிக்க ஆளில்லை, ஆனா பழக்கம் போகலை.

ஊருக்கே அது மேல உசுரு. ரெண்டு காரணம். ஒண்ணு, சலாம். கம்பிக்கு முன்னால ஆளுங்க கூட்டமா நின்னு சத்தம் போட்டா, எந்திரிச்சு நின்னு முன்னங்கையைத் தலைமேல வைக்கும். உடனே எல்லாரும் கையைத் தட்டி, "பாவாயி சலாம் வைக்குது, பாவாயி சலாம் வைக்குது"ம்பாங்க. இன்னொண்ணு, முடி. கொழந்தை ராத்திரியில பயந்து எந்திரிச்சு அழுதுதுன்னா கரடி முடியைத் தாயத்துல அடைச்சுக் கட்டோணும்பாங்களே. பாவாயி கம்பியில முதுகைத் தேய்ச்சா கொத்துக் கொத்தா முடி உழுகும். அதைக் கூட்டி ஒரு தகர டப்பாவுல வச்சிருப்பேன். எவளாச்சும் கொழந்தையைத் தூக்கிட்டு வந்து கண்ணைக் கசக்கினா ஒரு சிட்டிகை எடுத்துக் குடுப்பேன். குடுக்கக்கூடாதுன்னு ஆபீசர் ரெண்டு தடவை எழுதிக் கேட்டாரு. "நாச்சிமுத்து, கரடி முடிக்குப் பயம் போகும்னு கரடி உடறியா"ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு. அவரு பேத்திக்கும் நான்தான் குடுத்தேன். ஆக, இந்த ஊருல முப்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல பாதிப் பேரு இடுப்புல பாவாயி இருந்திருக்குது.

சலாமும் முடியும் ஊருக்கு. எனக்கு அது ரெண்டும் இல்லீங்க.

சாயங்காலம் அஞ்சரைக்குப் பூங்கா கேட்டைச் சாத்திருவாங்க. சனமெல்லாம் போயிரும். நான் ராகிக் களியைக் கிண்டி, வெல்லத்தைப் போட்டுப் பெசைஞ்சு கொண்டுபோய் வச்சு, அது தின்னதும் வாளியைக் கழுவிக் கவுத்துப்போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் சித்த உக்காருவேன். அந்தப் பக்கம் அதும் உக்காரும். சொவத்துல முதுகைக் குடுத்து, காலை நீட்டிப்போட்டு, ஒரு கையை மடியில வச்சுட்டு, தலையை லேசா இப்படிச் சாச்சுட்டு. அரை மணி நேரம். நானும் பேசமாட்டேன், அதும் பேசாது. அப்பறம் சாவிக்கொத்தை எடுத்துட்டு எந்திரிப்பேன். அவ்வளவுதானுங்க. இருவத்திரண்டு வருசத்துல ஒரு நாள் கூட உட்டதில்லை. எங்கூட்டுக்காரி செத்தன்னைக்கும் வந்தேன். காரியமெல்லாம் முடிச்சுப்போட்டு, தலைக்குத் தண்ணி வாத்துட்டு, ஈரத்தோட வந்தேன். ஒறம்பரை சனமெல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. கரடிக்குச் சோறு வைக்க வேற ஆளில்லீங்களே. மத்தவன் வச்சா அது திங்காது.

எனக்கு ஒரே புள்ளைங்க. தவமணி. அவ அம்மா போறப்ப ஆறாவது படிச்சுட்டிருந்தா. பள்ளிக்கூடம் உட்டு நேரா இங்க வந்துருவா. வந்து அந்தப் புங்கமரத்துக்கிட்டயே நின்னுக்குவா. நான் எந்திரிக்கற வரைக்கும் கூப்புடமாட்டா. அப்பறம் ரெண்டு பேரும் ஊட்டுக்கு நடப்போம். இப்ப அங்கன்வாடியில டீச்சரா இருக்கா. மாப்பிள்ளைக்குத் திருப்பூருல வேலை, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. நான் அவகூடத்தான் இருக்கறேன்.

ஆறு வருசத்துக்கு முன்னால மிருகக்காட்சி சாலையை மூடிப்போட்டாங்க. இடம் பத்தாது, இப்படி அடைச்சு வைக்கக்கூடாதுன்னு சட்டம். நாயம்தான். மத்ததையெல்லாம் லாரியில ஏத்திப் பெரிய பெரிய இடத்துக்கு அனுப்பிட்டாங்க. பாவாயிக்கு அப்பவே கண்ணு செரியாத் தெரியாது. வண்டியில ஏத்தினா வழியிலயே போயிரும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அதனால அது மட்டும் இருந்துது. அதுக்காக நானும் இருந்தேன், ரிட்டையர் ஆனப்பறமும். இத்தனை பெரிய பூங்காவுல ஒரு கரடியும் ஒரு கெழவனும்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடியில செத்துப்போச்சுங்க. காலையில போயிக் கதவைத் தொறக்கறேன், சொவத்தைப் பாத்துப் படுத்திருக்குது. தொட்டேன். சில்லுன்னு இருந்துது. ஆபீசுக்குப் போன் போட்டேன். வந்தாங்க, அறுத்துப் பாத்தாங்க, வயசாயிருச்சுன்னு எழுதினாங்க, எரிச்சாங்க. எல்லாத்துக்கும் கூட நின்னேன். களி கிண்டி வச்சிருந்தேன், அதைக் கொண்டுபோய் வாய்க்கால்ல கொட்டிட்டு வாளியைக் கழுவிக் கவுத்துப்போட்டேன். ஊட்டுக்குப் போனேன். தவமணி நாலு இட்லி வச்சா. நாலையும் தின்னேன். "அப்பா, அழுதுருங்கப்பா"ன்னா. எதுக்கு அழுகறதுன்னு இருந்துதுங்க எனக்கு.

அழுகை வரலீங்க. வெசனம் கூட இல்லை. மரத்துப்போன காலு இருக்குதில்லீங்களா, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். வரவேயில்லை. ஊரெல்லாம் அழுதுதுங்க. நாலு ரோட்டு முக்குல ஃப்ளெக்ஸ் வச்சாங்க, பாவாயி சலாம் வைக்கற போட்டோவைப் போட்டுக் "கண்ணீர் அஞ்சலி"ன்னு. கல்யாணமாகிப் போன புள்ளைங்கல்லாம் பழைய தாயத்தை எடுத்துட்டு வந்து கூண்டுக்கு முன்னால வச்சுட்டு, என் கையைப் புடிச்சுட்டு அழுதாங்க. நான் நின்னேன். ஒரு சிட்டிகை முடியை இடுப்புல கட்டினவளுக்கு வர்ற அழுகை எனக்கு வரலையே, நான் மனுசந்தானான்னு இருந்துது. அதைத்தான் என்னால தாங்க முடியலீங்க. பாவாயி செத்ததைத் தாங்கிப்போட்டேன்.

அப்பத்தான் செலை பேச்சு வந்துது. காலையில இங்க நடக்கறவங்கல்லாம் சேந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க. தலைவி சுலோச்சனா டீச்சரு, தலைமை ஆசிரியையா இருந்து ரிட்டையர் ஆனவங்க. தங்கமான மனுசி, ஆனா சொன்னதைச் சொன்னபடி செய்யோணும்பாங்க. அவங்க கூட்டம் போட்டு, பாவாயிக்கு இதே இடத்துல செலை, சலாம் வைக்கறாப்பலன்னு முடிவு பண்ணிட்டாங்க. என்னையவும் கூப்புட்டிருந்தாங்க, மரியாதைக்கு.

நான் எந்திரிச்சேன். சிவபூசையில கரடி பூந்தாப்பலன்னு பின்னால ஒருத்தன் சிரிச்சான். சிரிக்கட்டும். "டீச்சர், அது சலாம் இல்லீங்க"ன்னேன். "பின்ன?" "வித்தைக்காரன் குச்சியில தலையிலயே போடுவான். சத்தம் கேட்டா அடி விழுகும்னு தலையை மறைச்சுக்கும். நீங்கல்லாம் சத்தம் போடறீங்க, அது மறைச்சுக்குது. அதைச் செலையா வைக்காதீங்க."

டீச்சரு நாற்காலியில உக்காந்தாங்க. அப்பறம், "நானூறு புள்ளைங்களை வருசா வருசம் கூட்டிட்டு வந்து, சலாம் சொல்லுங்க, சலாம் சொல்லுங்கன்னு கத்த வச்சவ நானு"ன்னாங்க. "இருவது வருசமா ஏன் நாச்சிமுத்து சொல்லலை?" கேக்கலீங்களேன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "செரி, நீங்களே சொல்லுங்க, எப்படி வைக்கலாம்"னாங்க.

சாயங்காலம் உக்காந்திருக்கும் பாருங்க, அப்படி வையுங்கன்னேன். எனக்குள்ள ஒரு கணக்கு. அது உக்காந்திருக்கறதைத் திருப்பிப் பாத்தா எனக்கு வரோணும், வராம எங்க போகும்னு.

செலை செய்ய வந்தவரு தீர்த்தகிரி ஸ்தபதி. கோயில் கோபுரத்துல சுதை பொம்மை செய்யறவரு. ஆனை, குதிரை, யாளி எல்லாம் கண்ணை மூடிட்டுச் செய்வாரு. கரடி செஞ்சதில்லை. வந்ததும், "போட்டோ குடுங்க"ன்னாரு. ஊரே போட்டோ கொண்டு வந்து குமிச்சுது. எல்லாம் சலாம். கேட்டைச் சாத்தினப்பறம் அது உக்காந்திருக்கறதை எவன் புடிச்சான்? என்னைய உட்டா பாத்தவனே இல்லை. ஸ்தபதி தாடியைச் சொறிஞ்சாரு. "அப்ப நீங்கதான் உக்காந்து காட்டோணும்"னாரு.

உக்காந்தேனுங்க. பதினோரு நாளு. கோணிச்சாக்கை விரிச்சு, மரத்துல முதுகைக் குடுத்து, காலை நீட்டி, கையை மடியில வச்சு, அது எப்படித் தலையைச் சாய்க்குமோ அப்படியே சாச்சு. போறவன் வர்றவனெல்லாம் நின்னு பாத்தான். ஸ்தபதி கம்பியைக் கட்டுவாரு, வலையைச் சுத்துவாரு, சிமிட்டியை அப்புவாரு, என்னையப் பாப்பாரு. ஒரு நாளு நூலை எடுத்துட்டு வந்து என் தோளுக்கும் காதுக்கும் புடிச்சு அளக்கறாரு. "ஏனுங்க ஸ்தபதி, நான் கரடி மாதிரி உக்காந்திருக்கேன், நீங்க என்னை எதுக்கு அளக்கறீங்க"ன்னேன். "பேசாம இருங்க, கழுத்து மாறுது"ன்னாரு. அன்னைக்கே எனக்குச் சந்தேகம்.

சாமி செலைக்குக் கண்ணு தொறப்பாங்களே, அப்படி இதுக்கும் செய்யோணும்னு அடம் புடிச்சாரு. கரடிக்கு எதுக்குங்கன்னு கேட்டா, "கண்ணு வைக்காத வரைக்கும் அது சிமிட்டி, வச்சுட்டா அது அது"ன்னாரு. நல்ல நேரம் பாத்து, முன்னால கண்ணாடியை வச்சு, கண்ணைத் தீட்டி, அப்பறம் துணியை எடுத்தாங்க. சனம் கையைத் தட்டுச்சு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க.

நான் செலையைப் பாத்தேன். ஒண்ணும் தோணலீங்க.

சித்த நேரம் கழிச்சு வரும்னு நின்னேன். ஒருக்கா சுத்தி வந்தேன். பக்கத்துல போனேன். மொகரை கரடிதான், நகம் கரடிதான், முடியைக் கூட வரி வரியா நல்லாத்தான் கீறியிருந்தாரு. ஆனா பாவாயி இல்லை. கரடிக்குக் கழுத்து தெரியாதுங்க, இதுக்குக் கழுத்து இருக்குது. எல்லாத்தையும் உட மோசம், எடது தோளு. நாலு விரக்கடை எறங்கிக் கெடக்குது. மூட்டை தூக்கறவன் தோளாட்ட. புள்ளையாரு புடிக்கக் கொரங்கான கதைம்பாங்களே, அது நடந்துபோச்சு. நான் டீச்சர்கிட்டச் சொல்லலாம்னு திரும்பினா, தவமணி அந்தச் செலையோட கையைப் புடிச்சுட்டு அழுதுட்டு நிக்கறா.

"கரடிக்காவா அழுகறே"ன்னேன்.

"அப்பா, இது நீங்கப்பா"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு வந்துது. நான் கரடியாட்டவா இருக்கேன்னேன். அவ சிரிக்கலை. "தோளைப் பாருங்க. வலது கையில சாவிக்கொத்து, எடது கையில வாளி. முப்பத்தோரு வருசம் தூக்கித் தூக்கி எறங்கின தோளு. உங்க சட்டையெல்லாம் அந்தப் பக்கம் நழுவி நழுவித்தானே நிக்குது"ன்னா. டெய்லரும் அதேதான் சொல்லுவான். செரி, எறங்கியிருந்தா எறங்கிட்டுப் போகுது. என் தோளு எறங்கினா அதைக் கொண்டுபோய்க் கரடிக்கு எதுக்கு வைக்கறது? அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஸ்தபதி கரடியைச் செய்யலை, என்னையச் செஞ்சு மேல கரடித் தோலைப் போர்த்திட்டாரு. என்னையப் பாத்து எனக்கு எப்படிங்க அழுகை வரும்?

அன்னைக்கே மனு எழுத ஆரம்பிச்சேன். "பாவாயிக்குத் தோள் இறங்காது. இருபத்திரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில்"னு. டீச்சரு படிச்சுட்டு, "நாச்சிமுத்து, நல்லாத்தான இருக்குது, கொழந்தைங்க மடியில ஏறி உக்காருது, உடுங்களேன்"னாங்க. உடலை. இஞ்சினீயரைப் பாத்தேன். அவருக்கு மேல இருக்கறவங்களையும் பாத்தேன். இந்த ஆளு ஒரு தோளுக்காக ஆபீசு படியைத் தேய்க்கறான்னு சிரிச்சாங்க. ஊரு வாயை மூட ஒலைமூடியா இருக்குது.

தவமணிதான் முட்டுக்கட்டை. மனு எழுதறப்பவெல்லாம் எதுக்கால வந்து உக்காந்துக்குவா. ஒரு நாளு பேனாவைப் புடுங்கி வச்சுட்டுச் சொன்னா: "ஊட்டுல ஒரு நாளும் நீங்க இப்படி உக்காந்து நான் பாத்ததில்லைப்பா. வந்தா சோறு, தின்னா தூக்கம். அங்கதான் உக்காந்தீங்க. அதைப் பாக்கத்தான் நான் பள்ளிக்கூடம் உட்டதும் ஓடி வருவேன். மரத்துக்கிட்ட நின்னு அந்த அரை மணி நேரமும் உங்களைத்தான் பாப்பேன். எனக்கு அது மட்டுந்தான் இருக்குது. அதை ஒடைக்கச் சொல்லாதீங்க."

அது செரி கண்ணு, ஆனா அது பாவாயி பேருல இருக்கற செலைதானேன்னேன். நாயமாத்தானுங்களே சொன்னேன்? அவ பேனாவைக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

கடைசியில உத்தரவு வந்துது. தோளை மட்டும் திருத்தலாம்னு. போன மாசம் ஸ்தபதியே வந்தாரு. மனுசன் கோவிச்சுக்கலை. உளியைக் கையில வச்சுட்டு, "ஐயா, நீங்க உக்காந்ததைத்தான் நான் வச்சேன். நீங்க கரடியை மனசுல வச்சுட்டுத்தான உக்காந்தீங்க. அப்பறம் அதுல தப்பு எங்க இருந்து வந்துது"ன்னாரு. உங்க கையில இருந்துன்னேன். தோளை ஒடைச்சாரு. தவமணி வேலைக்குப் போறவ, வழியில நின்னு பாத்தா. அன்னைக்கிருந்து சோறு போடறா, மாத்திரை எடுத்து வைக்கறா, பேச்சு மட்டும் இல்லை. மூணு வாரம் ஆச்சு. ஆகட்டும். புள்ளைன்னா கோவிக்கத்தான் செய்யும்.

தோளைத் தூக்கி வச்சுப் பூசி, காயற வரைக்கும் சாக்கைச் சுத்தி வச்சிருந்தாங்க. சாக்கைப் பிரிச்சன்னைக்கு நான் விடியறப்பவே வந்துட்டேன். ரெண்டு தோளும் இப்ப நேரா இருக்குது. நான் கேட்டது கேட்டபடி. இந்த எடத்துலயே உக்காந்து மத்தியானம் வரைக்கும் பாத்தேன்.

ஒண்ணும் தோணலீங்க அம்மிணி. இப்பவும் தோணலை.

கழுத்தா இருக்குமோன்னு பாக்கறேன். கழுத்தையும் மாத்தினா செரியாப் போகும்னு அஞ்சாவது மனு எழுதலாம்னு இருக்கறேன். அதுக்குள்ள டீச்சரு போன திங்கக்கெழமை ஒரு போட்டோவைக் கொண்டுட்டு வந்தாங்க. முன்னால ஒரு மாட்டு டாக்டரு பாவாயிக்கு வைத்தியம் பாத்துட்டிருந்தாரு. இப்ப இல்லை, காலமாயிட்டாரு. ஒரு நாளு கேட்டைச் சாத்தினப்பறம் ஊசி போட வந்தவரு, புதுசா வாங்கின கேமராவுல ஒண்ணு புடிச்சிருக்காரு. எனக்கே தெரியாது. அவரு ஊட்டம்மா ஆல்பத்துல இருந்து எடுத்துக் குடுத்திருக்காங்க. டீச்சரு என் கையில குடுத்துட்டு, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி உக்காந்திருக்கீங்க நாச்சிமுத்து"ன்னாங்க.

சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். இந்தாங்க. ஓரத்துல புடிங்க, வேர்வை படக்கூடாது. கம்பிக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்கறது நான். அந்தப் பக்கம் பாவாயி. தோளைப் பாக்கறீங்களா? தெரியுமுங்க, நீங்களும் அதைத்தான் சொல்வீங்கன்னு. எறங்கினாப்பலத் தெரியும். அது என்னன்னா, டாக்டரு கேமராவைச் சாச்சுப் புடிச்சுட்டாரு. ஊசி போடத் தெரிஞ்ச அளவுக்குக் கேமரா புடிக்கத் தெரியலை. ஒரு பக்கம் சாஞ்சா எல்லாந்தான் சாஞ்சு தெரியும். டீச்சர்கிட்டயும் அதான் சொன்னேன். அவங்க போட்டோவை நீங்களே வச்சுக்குங்கன்னுட்டுப் போயிட்டாங்க.

என்னுங்க?

கம்பியா? கம்பிக்கு என்னுங்க?

குடுங்க பாக்கலாம். கண்ணாடி போடாம எனக்குச் செரியா... இருங்க.

நேராத்தான் நிக்குது. ஆமாங்க. சாச்சுப் புடிச்சிருந்தா கம்பியும் சாஞ்சிருக்கோணும். பின்னால சொவரும் நேரா இருக்குது. தண்ணித்தொட்டியும் நேரா இருக்குது. அது தோளு மட்டுந்தான் எறங்கியிருக்குது.

கரடிக்கு ஏதுங்க அம்மிணி வாளி. அது ஒண்ணையும் தூக்கினதில்லை. அதுக்குத் தோளு எறங்க ஒரு காரணமும் இல்லை. என்னையப் பாத்துப் பாத்துத்தான் எறக்கியிருக்குது. காலை நீட்டறது, கையை மடியில வைக்கறது, தலையைச் சாய்க்கறது, அதெல்லாம் அதோடது அதோடதுன்னு நான் பதினோரு நாளு சாக்குல உக்காந்து காட்டினேன். அதெல்லாம் என்னுதுங்களா? கண்ணு தெரியாமப் போற வரைக்கும் அது என்னையவே பாத்துட்டிருந்திருக்குது. நானும் எதுக்கால அத்தனை வருசம் உக்காந்திருந்தேன். நான் எதைங்க பாத்துட்டிருந்தேன்?

தவமணிகிட்ட என்னன்னு சொல்றது நானு.

மணி நாலாயிருச்சு போல, சனமெல்லாம் எந்திரிக்குது. நீங்க போங்க அம்மிணி, உள்ள இருக்கறவங்க காத்துட்டிருப்பாங்க. போட்டோ எங்கிட்டயே இருக்கட்டும். நான் இன்னும் பாவாயியைப் பாக்கலை.